ஊஞ்சலைப் பிடித்த கை

பயப்படாதீங்கக்கா. கீழே பாக்காதீங்க. என்னைப் பாருங்க, இல்லைன்னா எதிர்ல அந்தப் பாறையைப் பாருங்க. கண்ணை மட்டும் மூடிக்காதீங்க, மூடினா இன்னும் தலை சுத்தும்.

ரோப் கார் நின்னது கோளாறால இல்ல. அதை முதல்ல மனசுல வெச்சுக்குங்க. காத்து ஒரு அளவைத் தாண்டினா இது தானா நின்னுடும். யாரும் பட்டனை அமுக்க வேண்டியதில்ல. அந்த டவர் உச்சியில சின்னதா ஒண்ணு சுத்துது பாருங்க, அது காத்தை அளந்து கம்ப்யூட்டருக்குச் சொல்லும். கம்ப்யூட்டர் மோட்டாரை நிறுத்திடும். காத்து அடங்கினதும் மறுபடி கிளம்பும். அந்த ஏற்பாடு இருக்கிறதாலதான் நாம பத்திரமா உக்காந்து பேசிக்கிட்டிருக்கோம்.

உனக்கு எப்படித் தெரியும்னு பாக்குறீங்களா? நல்லாப் பாத்தீங்க போங்க. அந்த ஏற்பாட்டை எழுதினதே நான்தான்.

விளையாட்டுக்குச் சொல்லலக்கா. என் பேரு புருஷோத்தமன். கோயமுத்தூர்ல ஒரு ஆராய்ச்சி நிறுவனத்துல இன்ஜினியர். நிறுவனத்தோட பேரைச் சொன்னா உங்களுக்குத் தெரியாது, எங்க தெருவுக்கே தெரியாது. பாலம், அணை, புகைபோக்கி இதெல்லாம் காத்துலயும் தண்ணியிலயும் எப்படி நடந்துக்கும்னு கம்ப்யூட்டருக்குள்ளயே ஓட்டிப் பாக்குறதுக்குப் புரோகிராம் எழுதுறது என் வேலை. சிமுலேஷன்னு சொல்லுவாங்க. என் மாமனார் இன்னைக்கு வரைக்கும் நான் பிரிண்டர் ரிப்பேர் பண்றேன்னுதான் நினைச்சுக்கிட்டிருக்கார்.

இந்த நெடுங்கிரி மலை முழுசும் என் கம்ப்யூட்டர்ல இருக்கு. டவர் இருக்கு, வடம் இருக்கு, ஒவ்வொரு பெட்டியும் இருக்கு. நீங்க உக்காந்திருக்கிற இந்தப் பெட்டியும் இருக்கு. உள்ள ஆளுங்க மட்டும் கிடையாது, ஆளுங்களோட எடைதான் இருக்கு.

அடடா, உங்க எலுமிச்சம்பழம் உருண்டுடுச்சு. எடுக்காதீங்க, குனியாதீங்க. தெரியுதுக்கா, அம்மன் மடியில இருந்து கொடுத்த பழம், தரையில கிடக்கக் கூடாது. ஒரு நிமிஷம் கிடக்கட்டும். அதை வெச்சே உங்களுக்கு ஒண்ணு காட்டுறேன். இப்போ அது இந்தக் கதவுப் பக்கம் இருந்து நடுவு வரைக்கும் போகுது, திரும்பி வருது. பெட்டி அவ்வளவுதான் ஆடுதுன்னு அர்த்தம். இனிமே போகப் போக அது போற தூரம் குறையும். கடைசியில ஒரே இடத்துல நின்னுடும். நான் எழுதின கணக்கு அப்படித்தான் சொல்லுது. பாத்துக்கிட்டே இருங்க.

முன்னாடி டவரை ஒட்டி ஒரு சிவப்புப் பெட்டி நிக்குதே, அதுல என் வீட்டுக்காரி கோமதியும் பொண்ணு அகிலாவும் இருக்காங்க. அதோ கையாட்டுறா பாருங்க. ஏழாவது படிக்கிறா. நான் மேல ஸ்டேஷன்ல ஆபரேட்டர் மாரப்பன்கிட்ட என் புரோகிராமைப் பத்தி ரெண்டு வார்த்தை பேசிக்கிட்டிருந்தேன். கோமதி, "உங்க பேச்சு முடியறதுக்குள்ள பொழுது சாஞ்சிடும்"னு சொல்லிட்டு பொண்ணைக் கூட்டிக்கிட்டு முன்னாடி ஏறிட்டா. அவளுக்கு என் வேலையைப் பத்திப் பேசினாலே கொட்டாவி வந்துடும். நீங்க பரவாயில்ல, கேக்குறீங்க.

இருங்க, ஒரு காத்து வருது. கம்பியைப் பிடிச்சுக்குங்க... ம், போயிடுச்சு.

ஆடிக் காத்துங்கக்கா. அதோ அந்தக் கணவாய் வழியா வரும். ஒரே சீரா வராது, விட்டு விட்டுத் தள்ளும். அதனாலதான் போன வருஷம் வரைக்கும் ஆடி மாசம் பூரா ரோப் காரை மூடி வெச்சிருந்தாங்க. ஆனா ஆடி வெள்ளிக்குத்தானே சனம் குவியுது? வயசானவங்க, உங்களை மாதிரி முட்டி வலிக்காரங்க எல்லாம் படியேற முடியாம அடிவாரத்துலயே சூடத்தைக் கொளுத்திட்டுத் திரும்பிப் போனாங்க. கோயில்காரங்க எங்க நிறுவனத்துக்கு வந்து, "எவ்வளவு காத்து வரைக்கும் ஓட்டலாம்னு கணக்குப் போட்டுச் சொல்லுங்க"ன்னு கேட்டாங்க. எங்க டைரக்டர் ராமபத்ரன் என்னைக் கூப்பிட்டு ஒப்படைச்சார். அப்படிப் பாத்தா இன்னைக்கு நீங்க மேல போயி அம்மனைக் கண்ணாரப் பாத்ததுல எனக்கும் பங்கு இருக்கு.

இதுல நடந்த ஒரு சங்கடத்தை யார்கிட்டயாவது சொல்லணும்னு எனக்கு ரொம்ப நாளா இருக்கு. காத்து அடங்குற வரைக்கும் நமக்கும் பொழுது போகணும். சொல்றேன், நீங்களே நியாயம் சொல்லுங்க.

என்கிட்ட மெர்லின்னு ஒரு பொண்ணு வேலை பாத்துச்சு. நாகர்கோயில் பக்கம். கெட்டிக்காரி, அதை நான் இல்லைன்னு சொல்லல. கணக்குல புலி. ஆனா கெட்டிக்காரங்களுக்கு ஒரு வியாதி உண்டு, எதையும் அதுபாட்டுக்கு விட மாட்டாங்க. நோண்டிக்கிட்டே இருப்பாங்க.

எங்க வேலை என்னன்னா, நேரத்தைப் பொடிப்பொடியா நறுக்கிக்குவோம். இந்தத் துளியில பெட்டி எங்க இருக்கு, அடுத்த துளியில எங்க போகும், அதுக்கடுத்த துளியில எங்கன்னு கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுக்கிட்டே போகும். துளி பெரிசா இருந்தா சில சமயம் கணக்கு வெறி பிடிச்ச மாதிரி ஆகிடும். பெட்டி மலையை விட உயரமாப் பறக்கும். வடம் டெல்லி வரைக்கும் நீளும். நாங்க அதை வெடிச்சிடுச்சுன்னு சொல்லுவோம். முகத்தை ஏன் அப்படி வெச்சுக்கிறீங்க? கணக்குதாங்க வெடிக்கும். காலையில ஆபீசுக்குள்ள நுழையும்போதே, "என்னப்பா, நேத்து ஓட்டினது நின்னுச்சா வெடிச்சுதா"ன்னுதான் ஒருத்தரை ஒருத்தர் விசாரிச்சுக்குவோம்.

வடம் ஓடிக்கிட்டிருக்கும்போது ஒரு பிரச்சினையும் இல்ல. எவ்வளவு காத்து அடிச்சாலும் கணக்கு நிதானமா இருந்துச்சு. வடம் நின்னுக்கிட்டிருக்கும்போது என்ன ஆகும்னு மெர்லின் ஓட்டிப் பாத்தா. பெட்டி ஒரே இடத்துல தொங்குது, காத்து விட்டு விட்டுத் தள்ளுது. ஆட்டம் கொஞ்சம் கொஞ்சமா ஏறுது. ஏறி ஏறி, டவர் பக்கத்துல இருக்கிற பெட்டி போய் டவர்ல மோதுது. அதுக்கப்புறம் கணக்கு வெடிச்சிடுது.

அந்தப் பொண்ணு ஓடி வந்து என்கிட்ட சொல்லுச்சு. நான் சிரிச்சேன். நம்பர் வெறி பிடிச்சு ஓடுச்சுன்னா தப்பு கணக்குலதான் இருக்கும், மலையில இருக்காதுன்னேன். எத்தனை வருஷமா இதுலயே கிடக்குறேன், எனக்குத் தெரியாதா? அதுக்கு ஒரு வைத்தியமும் இருக்கு. உங்க வீட்டுல ஊஞ்சல் இருக்குங்களா? பேரப் பிள்ளைங்க வேகமா ஆடும்போது நீங்க பக்கத்துல நின்னு சும்மா ஒரு கையை வெச்சா என்ன ஆகும்? ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வேகம் கொஞ்சம் குறையும். கடைசியில நின்னுடும். அதே மாதிரி கணக்குலயும் ஒரு கையை வைப்போம். தணிப்புன்னு அதுக்குப் பேரு. உலகம் பூரா எல்லாரும் பண்றதுதான். நான் வெச்சேன். ஆட்டம் அழகா அடங்கிடுச்சு. படத்துல பாத்தா கோயில் மணி ஆடி ஓயற மாதிரி அவ்வளவு நேர்த்தியா இருந்துச்சு.

அதுக்கு அந்தப் பொண்ணு என்ன கேட்டுச்சு தெரியுங்களா? "சார், ஊஞ்சலைப் பிடிக்கிற அந்தக் கை நாம வெச்சது. மலையில அப்படி ஒரு கை இல்லையே சார்"ங்குது.

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. இருந்தாலும் பொறுமையா, "நீ எங்கயோ தப்பு பண்ணியிருக்கே. மறுபடி பாரு"ன்னு அனுப்பினேன்.

இப்போ கொஞ்சம் பலமாத்தான் தள்ளுது. பயப்படாதீங்க, ஏறி இறங்கும், அது காத்தோட குணம். பழத்தை விடுங்க, அது கதவுல இடிச்சா இடிக்கட்டும். வடம் எவ்வளவு தடிமன் பாத்தீங்களா? இந்தப் பெட்டியை மாதிரி எத்தனையோ பெட்டியைத் தாங்கும். வடத்தைப் பத்தி மெர்லினுக்கே சந்தேகம் கிடையாது.

எங்க விட்டேன்? ஆங், மறுபடி பாக்கச் சொன்னேன். பாத்துச்சு. துளியை இன்னும் சின்னதா நறுக்கி, கையை எடுத்துட்டு, நாள்கணக்குல மெஷினை ஓட விட்டுப் பாத்துச்சு. வந்து நிக்குது. "சார், கணக்குப் பிழைன்னா துளியைச் சின்னதாக்கினா போயிரும். இது போகல்ல சார். எவ்வளவு சின்னதா நறுக்கினாலும் அதே இடத்துலதான் மோதுது. இது நெசம்தான் சார், பாத்துக்கிடுங்க"ன்னு சொல்லுச்சு.

நான் என்ன சொல்ல? "மறுபடி பாரு"ன்னேன்.

அதோட விட்டிருந்தா பரவாயில்ல. கோயில்காரங்க, டைரக்டர் எல்லாரும் உக்காந்திருக்கிற கூட்டத்துல, நான் படம் போட்டுக் காட்டிக்கிட்டிருக்கேன், இது எந்திரிச்சு நிக்குது. "காத்து ஏற ஆரம்பிக்கும்போதே வடத்தை மெதுவா ஓட்டி எல்லாப் பெட்டியையும் ஸ்டேஷனுக்குக் கொண்டாந்துரணும். நடுவழியில நிறுத்தப்பிடாது. நிறுத்தினாத்தான் ஆபத்து. ஆடி மாசம் மூடி வைக்கதுதான் நல்லது"ன்னு சொல்லுது. எல்லார் முன்னாடியும்! என் கீழ வேலை பாக்குற பொண்ணு! எனக்கு எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. காது ரெண்டும் சுட்டுச்சு. இப்போ நினைச்சாலும் சுடுது.

நீங்களே சொல்லுங்கக்கா, காத்து அடிச்சா வண்டியை நிறுத்துவாங்களா ஓட்டுவாங்களா? சின்னக் குழந்தைகூட நிறுத்தணும்னுதானே சொல்லும்? டைரக்டர் என்னைப் பாத்து, "புருஷோத்தமன், ஆட்டம் அடங்குமா அடங்காதா? ஒரே வார்த்தையில சொல்லுங்க"ன்னார். "அடங்கும் சார்"னு சொன்னேன். படம் பின்னாடி ஓடிக்கிட்டே இருந்துச்சு, எல்லாரும் பாத்தாங்க. கோயில்காரர் ஒருத்தர் கையெடுத்துக் கும்பிட்டார். அம்மனையே நேர்ல பாத்த மாதிரி இருந்துச்சு அவர் முகம்.

அப்புறம் அந்தப் பொண்ணை இந்த வேலையில இருந்து மாத்திட்டேன். வேற ஒருத்தருக்கு உதவியாப் போட்டேன். கொஞ்ச நாள்ல அதுவே ராஜினாமா பண்ணிடுச்சு. போற அன்னைக்கு என் மேஜைகிட்ட வந்து நின்னுச்சு. சண்டை போடும்னு நினைச்சேன். போடல. மெதுவா, "சார், ஆடிக் காத்துல உங்க குடும்பத்தைக் கூட்டிக்கிட்டு நீங்க அதுல போவீங்களா?"ன்னு கேட்டுச்சு.

"கண்டிப்பாப் போவேன்"னு சொன்னேன். "வேண்டாம் சார்"னு சொல்லிட்டுப் போயிடுச்சு.

அந்த 'வேண்டாம் சார்' இருக்கே, அதுதான் என்னைத் தூங்க விடல. அதுக்குத்தான் இன்னைக்குப் பிடிவாதமாக் கிளம்பினேன். கோமதிக்கு உயரம்னாலே ஆகாது. "அடிவாரத்துலயே கும்பிட்டுக்கலாம், வேண்டாங்க"ன்னு சொன்னா. அவளும் வேண்டாங்கிறா! நான் விடல. மேல போகும்போது மூணு பேரும் இதே மாதிரி ஒரு பெட்டியில உக்காந்து போட்டோ எடுத்துக்கிட்டோம். கீழ இறங்கினதும் அதை மெர்லினுக்கு அனுப்பணும்னு வெச்சிருக்கேன். ஒரு வார்த்தை எழுத மாட்டேன். படம் மட்டும்தான். புரிஞ்சுக்குவா.

ஏங்க்கா, அழறீங்களா? அழாதீங்க. நான்தான் சொல்றேனே. உங்க கைப்பையை மடியில வெச்சு இறுக்கிக்குங்க. காலை எதிர் சீட்டுல முட்டுக் கொடுங்க, நான் நகர்ந்துக்குறேன். அவ்வளவுதான். இப்போ கொஞ்சம் நல்லாருக்கா?

இதுக்குள்ள அடங்கியிருக்கணும். காத்து கணவாய்ல இருந்து நேரா வரல, கொஞ்சம் சாஞ்சு வருது போல. அதனால கொஞ்சம் கூட நேரம் ஆகும். ஒண்ணும் இல்ல.

எதுக்கும் ஸ்டேஷனுக்கு ஒரு போன் போட்டு விடுறேன். உங்களுக்காகத்தான். எனக்கு அவசியம் இல்ல.

ஹலோ, மாரப்பன்? நான் புருஷோத்தமன் பேசுறேன். ஆமாப்பா, வடத்துலதான் இருக்கேன். காத்து எப்படி இருக்கு?... சரி. சரி. ஒண்ணு பண்ணுங்க, வடத்தை ரொம்ப மெதுவா ஓட்டி, எல்லாப் பெட்டியையும் ஒவ்வொண்ணா ஸ்டேஷனுக்குக் கொண்டு வந்துடுங்க... ஏன் முடியாது?... காத்து குறையாம மோட்டார் எடுக்காதுன்னு எனக்குத் தெரியும்ப்பா, நான்தானே எழுதினேன். கையால ஓட்டுற வழி ஒண்ணு இருந்துச்சே?... அடைச்சாச்சா? யாரு அடைக்கச் சொன்னது?

...

ம். ஆமா. சொன்னேன். சரி, வையுங்க.

இல்லக்கா, ஒண்ணும் இல்ல. கையால ஓட்டுற வழி இருந்தா மனுஷன் பதட்டத்துல ஏதாவது தப்பு பண்ணிடுவான். அதான் அதை எடுத்துடச் சொல்லியிருந்தேன். அதுவும் ஒரு பாதுகாப்புக்குத்தான். டெக்னீஷியனுக்குச் சொல்லி விட்டிருக்காங்க, அவர் மேல கோயில்ல இருந்து மோட்டார் இருக்கிற கீழ் ஸ்டேஷனுக்குப் படி வழியா இறங்கி வரணும். வந்துடுவார்.

சிவப்புப் பெட்டியைப் பாக்காதீங்க. நான் பாத்துக்குறேன். நீங்க என்னைப் பாருங்க.

அகிலா இப்போ கையாட்டலையே. ரெண்டு கையாலயும் கம்பியைப் பிடிச்சிருக்கா. கோமதி அவளைக் கட்டிக்கிட்டு இருக்கா. அந்தப் பக்கம் போயிட்டு இந்தப் பக்கம் வரும்போதுதான் முகம் தெரியுது. அங்கிருந்து டவர் எவ்வளவு தூரம் இருக்கும்? படத்துல நிறைய இடம் இருந்துச்சு. படத்துல நான் கையை வெச்சிருந்தேன், அதனால...

இருங்க, போன் வருது. கோமதிதான்.

ஹலோ? அகிலாவா? சொல்லும்மா. அழக் கூடாது. அப்பா இங்கதான் இருக்கேன், உன்னைப் பாத்துக்கிட்டே இருக்கேன். அம்மாகிட்ட அப்புறம் பேசுறேன், நீ சொல்லு... நிக்கும்டா. அப்பா எழுதின கணக்குல வந்திருக்கு, கண்டிப்பா நிக்கும். நீ ஒண்ணு பண்ணு. உன் பெட்டி டவர் பக்கம் போகுதில்ல, ஒவ்வொரு தடவையும் எவ்வளவு கிட்டப் போகுதுன்னு பாத்துச் சொல்லு. போகப் போகத் தூரம் கூடும் பாரு...

என்னது?

இல்லம்மா. கிட்ட வராது. உனக்குப் பயத்துல அப்படித் தெரியுது. நீ எங்கயோ தப்பாப் பாக்குறே. மறுபடி பாரு. அவசரப்படாம, கண்ணைத் தொடச்சுக்கிட்டு நல்லாப் பாரு. மறுபடி பாத்து அப்பாகிட்ட சொல்லு.

அக்கா, அந்தப் பழம் இந்தக் கதவுக்கும் அந்தக் கதவுக்கும் டொக்கு டொக்குனு இடிக்குது. தாங்க முடியல. கொஞ்சம் காலால மிதிச்சு நிறுத்துங்க. அம்மன் பழம், மிதிக்கக் கூடாதுங்கிறீங்களா? சரி, அப்போ கையில எடுத்துக்குங்க. உங்க பக்கம் வருது, பிடிங்க, பிடிங்க. ஆங். அப்படியே இறுக்கிப் பிடிச்சுக்குங்க, விடாதீங்க.

பாருங்க, நின்னுடுச்சு. நான் சொன்னேன் இல்ல? நின்னுடுச்சு பாருங்க.